சுவிட்சுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

வீட்டு வைஃபை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி போன இதழில் கேட்டிருந்தேன். வந்ததில் பாதி வைஃபை பற்றியே இல்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில் தூசி படிந்து, பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு கிடக்குமே ஒரு சின்னப் பெட்டி, அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க நெட்வொர்க் சுவிட்ச், அதாவது கம்ப்யூட்டர், பிரிண்டர்களையெல்லாம் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் அந்தப் பெட்டி. (ஹாலில் ஃபேன் சுவிட்ச் சூடாகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை, அதுவும் இன்றைக்கே.)

கே: எங்கள் அச்சகத்தில் 16 போர்ட் சுவிட்ச் ஒன்றில் 11 கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் மாட்டியிருக்கிறோம். வாங்கி வந்து கேபிளைச் செருகியதோடு சரி, ஒரு செட்டிங்கும் கொடுக்கவில்லை. பிரிண்டரை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலும் பிரிண்ட் வந்துவிடுகிறது. எந்த ஓட்டையில் எந்த மெஷின் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? (வாசகர், சிவகாசி)

ப: யாரும் சொல்லித் தரவில்லை, அதுவும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டது.

எங்கள் பகுதியில் நான்கு தெரு கூடும் இடத்தில் ஒரு பெட்டிக்கடை உண்டு. கடை அண்ணாச்சி எவர் வீட்டுக்கும் போனவர் இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை கல்லாவில் உட்கார்ந்து யார் எந்தத் தெருவிலிருந்து வந்து பால் பாக்கெட் வாங்கிப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கூரியர் பையன் வந்து "ஆடிட்டர் வீடு எங்கண்ணே?" என்றால், "அவரு இந்தத் தெருவுல இருந்துதான் வருவாரு, உள்ள போங்க" என்று கையைக் காட்டுவார். எந்த வீடு என்று கேட்டால் தெரியாது, தெரு மட்டும்தான் தெரியும். சுவிட்சுக்கும் அவ்வளவுதான் தெரியும், அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வேலையும் பார்க்கிறது.

கேபிளில் போகும் ஒவ்வொரு தகவல் மூட்டைக்கும் ஃபிரேம் என்று பெயர். அதன் முதல் 6 பைட், யாருக்குப் போகிறது என்ற மேக் அட்ரஸ், அதாவது ஒரு கருவியின் நெட்வொர்க் இணைப்புக்கு உள்ள அடையாள எண். அடுத்த 6 பைட், யார் அனுப்பியது என்ற மேக் அட்ரஸ். பிறகு 2 பைட் வகைக் குறி, அதன்பின் 1500 பைட் வரை சரக்கு, கடைசியில் பிழை பார்க்க 4 பைட். அனுப்பியவர் முகவரியைப் பார்த்து சுவிட்ச் கற்றுக்கொள்கிறது, பெறுபவர் முகவரியைப் பார்த்து அனுப்புகிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வருவதுதான்.

உங்கள் அச்சகத்தையே எடுத்துக்கொள்வோம். காலையில் கடையைத் திறந்து மெயினைப் போடுகிறீர்கள். எந்த மேக் அட்ரஸ் எந்த போர்ட்டில் என்று சுவிட்ச் குறித்துவைக்கும் அட்டவணை அப்போது காலி. 3ஆம் போர்ட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் பத்திரிகையை பிரிண்ட் கொடுக்கிறீர்கள், பிரிண்டர் 9இல் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு பிரிண்டரின் ஐ.பி. அட்ரஸ் (நெட்வொர்க்கில் சேரும் கருவிக்குக் கொடுக்கும் முகவரி எண்) தெரியும், மேக் அட்ரஸ் தெரியாது. அதனால் "இந்த ஐ.பி. யாருடையது? உன் மேக் அட்ரஸைச் சொல்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு கேள்வியை அனுப்பும். இதற்குப் பெயர் ஏ.ஆர்.பி., 1982இல் வகுத்தது, இன்றும் அதேதான் ஓடுகிறது. பெறுபவர் இடத்தில் 48 பிட்டும் 1 என்று போட்டிருக்கும், அப்படியென்றால் எல்லோருக்கும் என்று அர்த்தம்.

அந்த ஃபிரேம் உள்ளே வந்ததும் சுவிட்ச் முதலில் அனுப்பியவரைப் பார்த்து, "இந்த மேக் அட்ரஸ் 3இல் இருக்கிறது" என்று குறித்துக்கொள்ளும். பிறகு பெறுபவரைப் பார்க்கும். எல்லோருக்கும் என்றிருப்பதால் 3ஐ விட்டுவிட்டு மற்ற எல்லா போர்ட்டிலும் ஒரு நகல் போடும். மீதிப் பத்து கம்ப்யூட்டர்களும் நம்மைக் கேட்கவில்லை என்று அதைக் கீழே போட்டுவிடும், பிரிண்டர் மட்டும் பதில் சொல்லும். அந்தப் பதில் 9 வழியாக வருகிறது அல்லவா, உடனே "பிரிண்டர் 9இல்" என்று இரண்டாவது வரி. பதில் யாருக்கு? முதல் கம்ப்யூட்டருக்கு. அது 3இல் இருப்பது இப்போது தெரியும், ஆகவே 3க்கு மட்டும் போகும். அதற்குப் பிறகு பத்திரிகையின் டேட்டா முழுதும் 3க்கும் 9க்கும் நடுவில் மட்டுமே, 5இல் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பெறுபவர் அட்டவணையில் இல்லாவிட்டால்? சுவிட்ச் "தெரியாது" என்று திருப்பி அனுப்பாது. வந்த வழியை விட்டுவிட்டு மற்ற எல்லா வாசலிலும் போட்டுப் பார்க்கும். உரியவர் எங்காவது இருந்து பதில் கொடுத்தால் அந்தப் பதிலிலிருந்தே இடம் தெரிந்துவிடும். யாரும் பதில் சொல்லாவிட்டால் அதற்கொன்றும் கவலை இல்லை. பெறுபவரும் ஃபிரேம் வந்த அதே போர்ட்டின் பக்கம்தான் இருக்கிறார் என்று தெரிந்தால் பேசாமல் கீழே போட்டுவிடும், வந்த வழியே திருப்பி அனுப்புவதில் பொருள் இல்லையே.

பிரிண்டரை 9இலிருந்து 14க்கு மாற்றினால், அது வாயைத் திறந்து ஒரே ஒரு ஃபிரேம் அனுப்பினால் போதும், பழைய வரி அழிந்து 14 என்று ஆகிவிடும். கேபிளைச் செருகியதும் பெரும்பாலான கருவிகள் "நான் வந்துட்டேன்" என்கிற மாதிரி ஏதாவது ஒன்றை உடனே அனுப்பும், அதனால் நமக்கு இடைவெளியே தெரிவதில்லை. வாயே திறக்காத கருவி என்றால் பழைய வரி தானாகக் காலாவதியாகும் வரை காத்திருக்க வேண்டும். பல சுவிட்சுகளில் அது 300 வினாடி, அதாவது ஐந்து நிமிடம். ஒரே சுவிட்சுக்குள் மாற்றினால் பழைய போர்ட்டில் லிங்க் போனதுமே பல சுவிட்சுகள் அந்த வரியை அழித்துவிடும். இரண்டு மூன்று சுவிட்சைக் கோத்துப் போட்ட இடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினீர்களானால் நடுவில் இருப்பதற்கு இந்தச் சங்கதி தெரியாது. "மாத்தின உடனே வேலை செய்யல சார், டீ குடிச்சிட்டு வந்து பாத்தா வேலை செய்யுது" என்று சொல்கிறார்களே, அது பல சமயம் இந்த ஐந்து நிமிடம்தான்.

கே: பழைய ஹப் ஒன்று கடையில் கிடக்கிறது. பார்க்க சுவிட்ச் மாதிரியேதான் இருக்கிறது. பயன்படுத்தலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: காயலான் கடைக்குப் போடுங்கள். ஹப்புக்கு முகவரி என்றால் என்னவென்றே தெரியாது, ஒரு ஓட்டையில் வரும் மின்சிக்னலை மற்ற ஓட்டைகளிலெல்லாம் அப்படியே ஒப்பிக்கும், அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் மோதி வீணாகும், இருவரும் சற்று நேரம், ஆளுக்கு ஒரு கணக்கில், காத்திருந்து மறுபடி முயல வேண்டும்.

இதில் ஹப்பைக் குறை சொல்லவும் முடியாது, ஈதர்நெட் என்கிற இந்தக் கேபிள் நெட்வொர்க் முறை பிறந்ததே அப்படித்தான். 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாப் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் ஒரே ஒரு கேபிளில் எல்லாக் கம்ப்யூட்டரையும் தொங்கவிட்டு, பேசுவதற்கு முன் காதைக் கொடுத்துக் கேள், மோதினால் ஒதுங்கிக்கொள் என்று விதி வைத்தார்கள். வேகம் 2.94 எம்.பி.பி.எஸ்., அதாவது வினாடிக்கு 2.94 மெகாபிட். ஒளி பரவுவதற்கு வெளியெங்கும் ஈதர் என்று ஒரு பொருள் நிறைந்திருக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள் இல்லையா, அந்தப் பெயரைத்தான் கேபிளுக்கு வைத்தார்கள். இயற்பியல் தூக்கிப் போட்ட ஈதர் இப்படி நம் மேஜைக்கு அடியில் பிழைத்துக் கிடக்கிறது.

சுவிட்சை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? கல்பனா! அமெரிக்காவில் வினோத் பரத்வாஜ் என்ற இந்தியர் கூட்டுச்சேர்ந்து தொடங்கியது. 1990இல் அவர்கள் விற்ற பெட்டியில் இருந்தது ஏழே ஏழு போர்ட். 1994இல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனி அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. கல்பனாக்காரர்கள் செய்த புத்திசாலித்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெறுபவர் முகவரி ஃபிரேமின் தலையிலேயே இருக்கிறதே, அந்த 6 பைட்டைப் பார்த்ததுமே, மீதி இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த பக்கம் தள்ள ஆரம்பித்துவிடுவது. இன்று நம் மேஜையில் இருக்கும் சாதாரண சுவிட்சுகள் பெரும்பாலும் முழு ஃபிரேமையும் வாங்கி, கடைசி 4 பைட்டைக் கொண்டு பிழை இருக்கிறதா என்று பார்த்து, கெட்டுப்போனதைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் அனுப்பும். கிகாபிட் வேகத்தில், அதாவது வினாடிக்கு 1000 மெகாபிட்டில், முழு நீள ஃபிரேமே சுமார் 12 மைக்ரோ வினாடியில் வந்துவிடுகிறது, இதில் அவசரப்பட என்ன இருக்கிறது.

கே: ஆயுத பூஜைக்காகக் கணினி லேபைத் துடைத்து, கேபிள்களை மறுபடி மாட்டினோம். மறுநாள் 30 கம்ப்யூட்டரிலும் நெட் இல்லை, சர்வர் இல்லை. சுவிட்சில் எல்லா விளக்கும் வெறி பிடித்த மாதிரி ஒன்றாக மின்னின. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிக்கொண்டு வந்தபோது ஒன்றைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அந்தக் கேபிளை டெஸ்டரில் போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது! (கணினி ஆசிரியை, மதுரை)

ப: டீச்சர், கேபிள் நல்ல கேபிள்தான். அதன் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில், அல்லது ஏற்கெனவே இணைந்திருந்த இரண்டு சுவிட்சுகளில் இரண்டாவது தடவையாக, மாட்டியிருந்திருக்கும். இதற்கு லூப் என்று பெயர். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானே செய்திருக்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில் நேரலைக்காக வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில், தரையில் ஒரு கேபிள் முனை அனாதையாகக் கிடந்தது. யாராவது தடுக்கி விழுவார்களே என்று நல்ல எண்ணத்தில் காலியாக இருந்த போர்ட்டில் செருகினேன். அதன் அடுத்த முனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. முகூர்த்தத்துக்கு 20 நிமிடம் இருக்கும்போது நேரலை நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? முதல் பதிலில் சொன்ன விதியை மறுபடி பாருங்கள். எல்லோருக்கும் என்று வரும் ஃபிரேமை, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுவிட்ச் போடும். அந்தக் கேபிளின் ஒரு முனை 7இலும் மறுமுனை 12இலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 வழியாக வெளியே போன நகல் 12 வழியாகத் திரும்ப உள்ளே வருகிறது. சுவிட்சுக்கு அது தன் நகல்தான் என்று தெரியாது. புதிதாக யாரோ அனுப்பியதாக நினைத்து மறுபடி எல்லோருக்கும் போடும், 7 உட்பட. அதே நேரம் 12இல் போன நகல் 7 வழியாக வரும். ஐ.பி. பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் ஒரு எண் இருக்கிறது, பூஜ்யம் ஆனால் அந்த பாக்கெட்டுக்கு அங்கேயே முடிவு. ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஆயுள் கணக்கே கிடையாது. ஆகவே ஒரு கம்ப்யூட்டர் சாதாரணமாகக் கேட்ட ஒரே ஒரு ஏ.ஆர்.பி. கேள்வி நின்று சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கிகாபிட் கேபிளில் மிகச் சிறிய ஃபிரேம் வினாடிக்கு 14,88,095 போக முடியும். லேபில் இருக்கும் 30 கம்ப்யூட்டருக்கும் அந்த நகல்கள் வந்து கொட்டும், அவையும் பாவம் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். விளக்கெல்லாம் வெறி பிடித்து மின்னியது அதனால்தான்.

இதோடு போகவில்லை. அண்ணாச்சியின் கற்றலும் சேர்ந்து கெட்டுப்போகும். சர்வரின் மேக் அட்ரஸோடு வந்த ஃபிரேம் ஒரு கணம் 1இல் தெரியும், மறு கணம் 12இல், அடுத்து 7இல். சுவிட்ச் தன் அட்டவணையை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். ஆடிட்டர் ஒரே நேரத்தில் மூன்று தெருவிலிருந்து வந்தால் அண்ணாச்சி யாருக்கு எந்த வழியைக் காட்டுவார்?

இதற்கு மருந்து 1985லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. டி.இ.சி. என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். சுவிட்சுகள் தங்களுக்குள் இரண்டு வினாடிக்கு ஒரு முறை செய்தி பரிமாறி, ஒன்றைத் தலைவராக வைத்துக்கொண்டு, தலைவரிடம் போக ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து வைத்து மற்ற வழிகளை அடைத்துவிடும். திறந்த வழி அறுந்தால் அடைத்த வழி திறக்கும். ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்திலேயே இந்த முறையைப் பற்றித் தானே எழுதிய ஒரு சின்னக் கவிதையையும் அந்த அம்மையார் சேர்த்திருந்தார், நெட்வொர்க் உலகில் அது அபூர்வம்.

ஆனால் உங்கள் லேபில் இருப்பது விலை குறைந்த, செட்டிங்கே இல்லாத சுவிட்ச் என்றால் அதில் ஸ்பானிங் ட்ரீ இருக்காது. சிலவற்றில் லூப் கண்டுபிடிக்கும் வசதி மட்டும் உண்டு, அடுத்த முறை வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஸ்பானிங் ட்ரீ இருந்தாலும் நெட்வொர்க்கை அளவு தெரியாமல் வளர விட்டால் அதுவும் கைவிரிக்கும். 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் அப்படித்தான் நடந்தது. நெட்வொர்க் விழுந்து எழுந்து விழுந்து, சில நாட்களுக்கு டாக்டர்கள் காகிதத்தில் எழுதி ஆள்விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்த ஆயுத பூஜைக்கு உதவும்.

கே: கிகாபிட் சுவிட்ச் வாங்கிப் போட்டும் ஃபைல் காப்பி செய்தால் வினாடிக்கு 11 எம்.பி.க்கு மேல் ஏறவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், ஈரோடு)

ப: 11 என்ற எண்ணே குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கிறது. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட், அதனால் 100 எம்.பி.பி.எஸ். லிங்கில் கைக்குக் கிடைப்பது சுமார் 11 மெகாபைட்தான், கிகாபிட் என்றால் 110ஐத் தொட வேண்டும். ஆகவே எங்கோ ஒரு முனை 100க்கு இறங்கியிருக்கிறது. சுவிட்சைச் சந்தேகப்படுவதற்கு முன் கேபிள் முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். எட்டு கம்பி இருக்கும், வழக்கமான வரிசையில் முதலில் ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, கடைசியில் பிரவுன்-வெள்ளை, பிரவுன். 100 வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும், அதாவது 1, 2, 3, 6ஆம் கால்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கிரிம்ப் செய்தவர் அவசரத்தில் பிரவுன் கம்பியை முழுக்க உள்ளே தள்ளாமல் அமுக்கியிருந்தால், உலோகப் பல் அதைத் தொடாது. பல நெட்வொர்க் கார்டுகள் பேசாமல் 100க்கு இறங்கி வேலை செய்யும், நமக்கு ஒரு வார்த்தை சொல்லாது. சில கார்டுகள் லிங்க்கே எடுக்காது, அது எவ்வளவோ மேல், கோளாறு உடனே தெரிந்துவிடும்.

முனை நன்றாக இருந்தால் சுவிட்சில் அந்த போர்ட்டின் விளக்கு நிறத்தைப் பாருங்கள், பலவற்றில் கிகாபிட்டுக்கு ஒரு நிறம், 100க்கு வேறு நிறம். இன்னொன்று, செம்புப் பூச்சு போட்ட அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். இரண்டு தடவை வளைத்தாலே உள்ளே ஒடிந்துவிடும்.

கே: எங்கள் கடையில் 16 சிசிடிவி கேமராவும் நாலு பில்லிங் மெஷினும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. பில் போடும்போது திணறுகிறது. வி.லேன் போட்டால் வேகம் கூடும் என்று சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: வி.லேன், அதாவது ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது, வேகத்தைக் கூட்டாது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆளைப் பிரித்து உட்கார வைக்கும், ரோட்டை அகலப்படுத்தாது.

நீங்கள் எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப் போயிருக்கிறது: சுவிட்ச் ஒன்றா, இரண்டா? கேமராவும் பதிவுப் பெட்டியும் பில்லிங் மெஷினும் ஒரே சுவிட்சில் இருந்தால், கேமராவின் படம் கேமரா போர்ட்டிலிருந்து பதிவுப் பெட்டியின் போர்ட்டுக்கு மட்டும்தான் போகும். பில்லிங் மெஷினின் கேபிளில் அதன் வாசமே வராது. ஹப்பை ஒழித்துக் கட்டியதே இதற்குத்தானே. ஆனால் நிறையக் கடைகளில் பார்ப்பது வேறு. மாடியில் கேமராக்களுக்கு மின்சாரமும் சேர்த்துக் கொடுக்கும் ஒரு சுவிட்ச், கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் ஒற்றைக் கேபிள். பதிவுப் பெட்டி கீழே, மேனேஜர் மேஜைக்கு அடியில். மாடியில் இருக்கும் ஒரு பில்லிங் மெஷினும் அதே கேபிள் வழியாகத்தான் கீழே இருக்கும் சர்வரைப் பிடிக்க வேண்டும். 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று சுமார் 4 முதல் 8 எம்.பி.பி.எஸ். வரை எடுக்கும். 6 என்று வைத்தாலும் 16 கேமராவுக்கு 96. நடுக் கேபிள் 100இல் ஓடினால் அங்கேயே கதை முடிந்தது, பில்லுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

ஆகவே முதலில் அந்த நடு இணைப்பைப் பாருங்கள். கேமராவுக்கென்று விற்கும் பல சுவிட்சுகளில் கேமரா போர்ட்டுகள் 100 வேகம், அப்லிங்க் என்று எழுதிய ஒன்றிரண்டு போர்ட் மட்டும் கிகாபிட். நடுக் கேபிளைத் தவறாக கேமரா போர்ட்டில் மாட்டியிருப்பார்கள், ஐந்து நிமிட வேலை. முடிந்தால் பதிவுப் பெட்டியையே மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள், அதைவிட நல்லது வேறில்லை.

வி.லேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபிரேமில் 4 பைட் குறி ஒன்றைச் செருகி, அதில் 12 பிட்டில் ஒரு குழு எண் போட்டு, 4094 தனித்தனி நெட்வொர்க் வரை ஒரே சுவிட்சில் பிரிக்கலாம். ஒரு குழுவில் எல்லோருக்கும் என்று கூவினால் அடுத்த குழுவுக்குக் கேட்காது. கேமராவின் பாஸ்வேர்டை மாற்றாமலே வைத்திருப்பீர்கள், எல்லாக் கடையிலும் அப்படித்தான், அதனால் கேமரா வழியாக உள்ளே புகும் எவனும் பில்லிங் மெஷினைத் தொடாமல் இருக்க வி.லேன் நல்லது. திணறலுக்கு மருந்து அது இல்லை.

கே: ஹாஸ்டலில் எல்லோரும் ஒரே சுவிட்சில்தான். நான் அனுப்புவதைப் பக்கத்து அறைக்காரன் பார்க்க முடியாதுதானே, சுவிட்ச் எனக்கும் ரவுட்டருக்கும் மட்டும்தானே அனுப்புகிறது? (மாணவர், சென்னை)

ப: நல்லவன் பார்க்க முடியாது. கெட்டவனுக்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் அண்ணாச்சியின் வெள்ளை மனதைப் பயன்படுத்துவதுதான்.

அட்டவணைக்கு அளவு உண்டு, சின்ன சுவிட்சில் சில ஆயிரம் வரிகள் இருக்கும். ஒருவன் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் பொய்யான அனுப்புநர் முகவரிகளோடு ஃபிரேம் விட்டால் அது நிரம்பிவிடும். பழைய வரிகள் காலாவதியாகி, உண்மையானவர்களுக்கு இடம் இல்லாமல் போகும். தெரியாதவருக்கு வந்ததை எல்லா வாசலிலும் போடுவதுதானே விதி, ஆகவே சுவிட்ச் ஹப் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கும், அவன் உட்கார்ந்து கேட்பான். இரண்டாவது வழி இன்னும் சுலபம். ஏ.ஆர்.பி. கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், சரிபார்ப்பு எதுவும் இல்லை. "ரவுட்டர் நான்தான்" என்று அவன் உன் லேப்டாப்புக்குச் சொல்லிவிட்டால், நீயாகவே எல்லாவற்றையும் அவனிடம் கொண்டுபோய்க் கொடுப்பாய். சுவிட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கும்.

ஒரு போர்ட்டுக்கு இத்தனை முகவரிதான் என்று கட்டுப்படுத்தும் வசதி நல்ல சுவிட்சுகளில் உண்டு, ஆனால் ஹாஸ்டல் வார்டனிடம் போய் இதைக் கேட்டுப் பயனில்லை. பிரவுசரில் பூட்டுக் குறி உள்ள தளங்களில் அனுப்புவதை அவன் பிடித்தாலும் படிக்க முடியாது. பூட்டு பற்றி எச்சரிக்கை வந்தால் மட்டும் "பரவாயில்லை, தொடரவும்" என்று அழுத்தித் தொலைக்காதே.

கே: இணையத்தில் அமெரிக்காவில் இருக்கும் சர்வரின் மேக் அட்ரஸ் எங்கள் சுவிட்சுக்கு எப்படித் தெரியும்? (மாணவி, திருநெல்வேலி)

ப: தெரியாதும்மா, தெரியவும் வேண்டாம். வெளியூர் ஐ.பி. என்று தெரிந்ததும் உன் கம்ப்யூட்டர் பெறுபவர் இடத்தில் உங்கள் வீட்டு ரவுட்டரின் மேக் அட்ரஸைத்தான் எழுதும். ரவுட்டர் அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதைப் புது உறையில் வைத்து அடுத்தவருக்கு அனுப்பும். தேர்வில் வந்தால் இப்படி எழுது: ரவுட்டரைத் தாண்டும்போதெல்லாம் மேக் அட்ரஸ் மாறும், போய்ச் சேர வேண்டிய ஐ.பி. மாறாது.

கே: சுவிட்சில் முதல் போர்ட்டில்தான் ரவுட்டரை மாட்ட வேண்டுமா? (வாசகர், கரூர்)

ப: இல்லை. எதில் வேண்டுமானாலும் மாட்டலாம், அப்லிங்க் என்று தனியாக எழுதியிருந்தால் மட்டும் அதில்.

கே: என் போனின் மேக் அட்ரஸ் ஒவ்வொரு வைஃபையிலும் வேறு வேறாகக் காட்டுகிறது. போன் போலியா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: போன் நல்ல போன்தான். நீங்கள் எந்தெந்தக் கடைக்குப் போனீர்கள் என்று யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக ஆண்ட்ராய்டு 10 முதலும், ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு முகவரியைத் தானே உருவாக்கிக்கொள்கின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனி பொறித்தது இல்லை, போன் சொந்தமாக வைத்துக்கொண்டது. சுவிட்சுக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை, புது முகம் ஒன்று இந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று இன்னொரு வரி எழுதிக்கொள்ளும். வீட்டு ரவுட்டரில் பிள்ளைகளின் போனுக்கு நேரக் கட்டுப்பாடு போட்டிருந்தால்தான் தொந்தரவு, அதை ஏன் என்று பிள்ளைகளே உங்களுக்கு விளக்குவார்கள்.